குறியும் செம்புள்ளியும்

'குறி' என்னும் சொல் தமிழில் பல பொருள் தாங்கி வழங்குவது. அடையாளமும் குறி, இலக்கும் குறி, வருவது உரைப்பதும் குறி. வில்லாளனுக்கும் துப்பாக்கி ஏந்துவோனுக்கும் அச்சொல் தரும் பொருள் ஒன்றே. கண்ணும் கருவியும் இலக்கும் ஒரு நேர்க்கோட்டில் நிற்கும் அந்த ஒரு கணமே குறி. அக்கணத்தை எளிதாக்க மாந்தர் கண்ட கருவிகளுள் ஒன்றாகிய செம்புள்ளி நோக்கி பற்றி இக்கட்டுரையில் சிறிது விரித்துரைக்க விழைகின்றோம். தமிழ்த்துறை மலரில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று பெரியோர் வினவலாம். அறிவியலைத் தமிழில் சொல்லிப் பார்ப்பதும் தமிழ்ப்பணியே என்பது நம் விடை. தேசிய மாணவர் படையில் சேர்ந்து இருபத்தைந்து மீட்டர்த் திடலில் .22 துப்பாக்கியைக் கையில் எடுத்த மாணவர்க்கு இப்பொருள் புதிதன்று என்பதும் ஒரு காரணம்.

முதலில் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். திரைப்படங்களில் எதிரியின் மார்பின் மீது சிவப்புப் புள்ளி ஒன்று ஊர்ந்து நிற்பதைக் காண்கின்றோம். அது லேசர்க் கதிர். துப்பாக்கியிலிருந்து புறப்பட்டு இலக்கின்மேல் சென்று விழுவது. எதிரே நிற்போரும் அதனைக் காண்பர். நாம் பேசவிருக்கும் செம்புள்ளி அவ்வாறு எங்கும் சென்று விழுவதில்லை. அது கருவிக்குள்ளேயே பிறந்து, குறிபார்ப்பவரின் கண்ணுக்கு மட்டுமே தோன்றுவது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் மிகப் பலர்.

பழைய முறையில் துப்பாக்கியின் பின்புறம் ஒரு பிளவு அல்லது துளையும், முன்புறம் ஒரு முனையும் இருக்கும். பின்குறியின் நடுவே முன்குறியை நிறுத்தி, அதனை இலக்கின்மேல் வைத்தல் வேண்டும். சொல்லளவில் எளிது, கண்ணளவில் அரிது. ஏனெனில் பின்குறி ஒரு சாண் அளவிலும், முன்குறி ஒரு கை நீளத்திலும், இலக்கு ஐம்பது நூறு மீட்டருக்கு அப்பாலும் உள்ளன. மூன்று தொலைவுகளையும் ஒரே வேளையில் தெளிவாகக் காண மனிதக் கண்ணால் இயலாது. இளைஞரின் கண் விரைந்து மாறிமாறிக் குவிந்து ஒருவாறு ஈடுசெய்து விடுகின்றது. நாற்பதைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவர்க்கோ முன்குறி மங்கிய நிழலாகி விடும். நாளிதழைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கும் நம் பெரியோர்க்கு இத்துன்பத்தை விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் பழைய முறையைத் தாழ்த்தியுரைப்பது நம் நோக்கமன்று. ஒலிம்பிக் பத்து மீட்டர்க் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இன்றும் துளைக் குறிகளே வழக்கம். அப்போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய நடுவிடம் வெறும் அரை மில்லிமீட்டர் விட்டமுடையது. 2008இல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்குத் தங்கம் ஈட்டியது இத்தகைய குறிகளைக் கொண்டே. நின்று நிதானித்துச் சுடுவதற்குத் துளைக்குறி போதும். இலக்கு ஓடும்போதும், ஒளி குறையும்போதும், கண் மூக்கும்போதுமே வேறு துணை தேவைப்படுகின்றது.

அத்துணையை முதலில் எண்ணிப் பார்த்தவர் ஒரு வானியற் கருவி வினைஞர் என்பது வியப்பிற்குரியது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் தொலைநோக்கிகள் செய்து புகழ்பெற்ற சர் ஹோவர்டு கிரப், 1900இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் பெயர் நம் நாட்டிற்கு அயலானதன்று. ஹைதராபாத்தில் நவாப் ஜஃபர் ஜங் நிறுவிய நிஜாமியா வானாய்வகத்தின் பதினைந்து அங்குலத் தொலைநோக்கி கிரப்பின் கைவண்ணமே. புனேயில் இருந்து 1912இல் கொடைக்கானலுக்கு வந்துசேர்ந்த இருபது அங்குலத் தொலைநோக்கியும் அவர் பட்டறையில் உருவானதே. விண்மீன் பார்க்கக் கற்றவர், அதே ஒளியியலைக் கொண்டு குறிபார்க்கவும் வழி கண்டார்.

அவர் கண்ட வழி இது. வளைந்த கண்ணாடி ஒன்றின் குவியத்தில் ஓர் ஒளிப்புள்ளியை வைத்தால், கண்ணாடியில் பட்டு மீளும் கதிர்கள் யாவும் இணைகதிர்களாகும். மிகத் தொலைவிலுள்ள பொருளிலிருந்து வரும் கதிர்களும் இணையாகவே வருவன. ஆகவே அப்புள்ளி கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், எல்லையற்ற தொலைவில் தொங்குவது போலக் கண்ணுக்குத் தோன்றும். இலக்கும் புள்ளியும் ஒரே தளத்தில் தெரிவதால் கண் ஓரிடத்தில் குவிந்தால் போதும். மூன்றைப் பொருத்தும் வேலை இரண்டைப் பொருத்தும் வேலையாகச் சுருங்கி விடுகின்றது. கண்ணைச் சிறிது இடமோ வலமோ நகர்த்தினாலும் புள்ளி இலக்கைவிட்டு அகலாமல் நிற்பதும் இதனாலேயே.

வளைந்த ஆடியில் ஒளி எவ்விடத்தில் பட்டு மீண்டு கண்ணை அடையும் என்னும் வினா மிகப் பழையது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டில் தாம் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலில் கோள ஆடிக்குரிய அவ்வினாவை வடிவியல் வழியே தீர்த்தார். ஐரோப்பியர் அதனை இன்றும் அவர் பெயராலேயே வழங்குவர். அவர் துப்பாக்கியைக் கண்டவரல்லர். எனினும் செம்புள்ளி நோக்கியின் முகப்புக் கண்ணாடி ஒரு கோளத்தின் துண்டு என்பதால் அவரை இங்கே நினைந்தோம்.

கிரப்பின் கருத்து முதலில் வானில் பறந்தது. 1918இல் ஜெர்மானியப் போர் விமானங்களில் இதனைச் சோதித்தனர். இரண்டாம் உலகப்போரில் ஸ்பிட்ஃபயர் விமானிகள் இவ்வகை நோக்கியாலேயே குறிபார்த்தனர். கைத்துப்பாக்கிக்கும் தோள் துப்பாக்கிக்கும் இது வரத் தடையாய் நின்றது விளக்கே. சிறிய, குறைந்த மின்சாரம் உண்ணும், அதிர்ச்சியில் உடையாத விளக்கு அன்று இல்லை. 1970 நவம்பரில் வியட்நாமின் சோன் தே சிறைமுகாமை நள்ளிரவில் தாக்கிய அமெரிக்கப் படையினர், 'சிங்கிள்பாயிண்ட்' என்னும் இடைக்காலக் கருவி ஒன்றைக் கடையில் வாங்கிப் பொருத்திச் சென்றனர். அதனூடே மறுபுறம் தெரியாது. ஒரு கண் இருண்ட குழாய்க்குள் புள்ளியைக் காண, மறுகண் வெளியே இலக்கைக் காண, இரண்டையும் மூளை ஒன்றாக்கிக் கொள்ளும். கருவி பயன்பட்டது, ஆனால் மீட்கச் சென்ற கைதிகள் முன்னரே வேறிடம் மாற்றப்பட்டிருந்தனர்.

ஒளியுமிழ் டயோடு வந்தபின் தடை நீங்கியது. 1975இல் சுவீடன் நாட்டு ஐம்பாயிண்ட் நிறுவனம் முதல் மின்னணுச் செம்புள்ளி நோக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தது. சுவீடனில் இது பிறந்தது தற்செயலன்று என்பது நம் கருத்து.

அந்நாட்டில் இலையுதிர் காலம் மூஸ் மான் வேட்டையின் காலம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துள்ளது. நாம் அதனை வரவேற்பவர்களே. அங்கோ அது சட்டத்தால் வரையறுக்கப்பட்டு, ஊரே கூடிச் செய்யும் தொழில். இறைச்சி ஆண்டு முழுவதற்குமான உணவு. நாய்கள் மானைக் கிளப்ப, மரங்களிடையே உள்ள வெளியை அது கடக்கும் சில நொடிகளில் சுடுதல் வேண்டும். ஒளியோ மங்கல், வானமோ மழையும் பனியும். விலங்கிற்குத் தேவையற்ற துன்பம் விளைத்தலாகாது என்பது அந்நாட்டு வேட்டைச் சட்டத்தின் விதி. காயம்பட்டு ஓடும் மானைத் தேடிக் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற நாய் ஒன்று இரண்டு மணி நேரத்திற்குள் அவ்விடம் வந்து சேரத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்றும் விதித்துள்ளனர். அந்த விதி இருப்பதே, குறி ஒரு சாண் தவறினால் என்ன நேரும் என்பதைக் காட்டும். நெஞ்சில் பட வேண்டிய குண்டு குடலில் பட்டால் மான் உடனே சாவதில்லை. காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடிக்கும்.

ஓடும் மான் உருவத்தைச் சுடுதல் ஒருகாலத்தில் ஒலிம்பிக் போட்டியாகவும் இருந்தது. வெண்தாடி வேந்தரான சுவீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1912இல் தமது அறுபத்து நான்காம் வயதில் அதில் தங்கமும், 1920இல் எழுபத்திரண்டாம் வயதில் வெள்ளியும் வென்றார். அவருக்குச் செம்புள்ளி கிட்டவில்லை. அத்தகைய கண்கள் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை!

தேர்ந்தெடுத்தல்

வாங்குமுன் ஒருவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா, எவ்வளவு தொலைவில் சுடப் போகின்றோம் என்பதே. செம்புள்ளி நோக்கி பொருளைப் பெரிதாக்கிக் காட்டுவதில்லை. நூறு மீட்டருக்கு உள்ளே, விரைவு வேண்டுமிடத்தில் அதற்கு நிகரில்லை. அதற்கப்பால் நுணுக்கமே பெரிதெனில் உருப்பெருக்கும் தொலைநோக்கிக் குறியே ஏற்றது. இதனை மறந்து, புதுமை என்பதற்காகவே வாங்குவோர் பின்னர்க் கருவியைக் குறை கூறுவர்.

அடுத்தது புள்ளியின் அளவு. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பஞ்சாங்கக் கணிதர் கலை என்பர். நூறு மீட்டர்த் தொலைவில் ஒரு கலை ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டரை மறைக்கும். இரண்டு கலைப் புள்ளி அங்கே 5.8 சென்டிமீட்டரையும், நான்கு கலைப் புள்ளி 11.6 சென்டிமீட்டரையும் மறைக்கும். பெரிய புள்ளி கண்ணில் விரைந்து படும். சிறிய புள்ளி நுணுக்கம் தரும். ஓடும் விலங்கிற்கும் நிற்கும் இலக்கிற்கும் ஒரே புள்ளி ஒத்துவராது.

கடையில் எடுத்துப் பார்க்கும்போது புள்ளி வட்டமாகத் தெரியாமல், வால்மீன் போலவோ சிதறிய பூப்போலவோ தெரிந்தால் உடனே கருவியைப் பழிக்க வேண்டா. கருவிழியின் வளைவு சீராயில்லாத சிதறல் பார்வை உடையவர்க்கு அவ்வாறே தோன்றும். ஒளிப்படக் கருவியைக் கண்ணிருக்கும் இடத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். படத்தில் வட்டமாக இருந்தால் செல்ல வேண்டிய இடம் கண் மருத்துவரிடமே. ஒளியை மிகக் கூட்டி வைத்தாலும் புள்ளி சிதறும். சுற்றொளிக்கேற்பக் குறைத்துப் பார்த்தல் வேண்டும்.

திறந்த வகை, மூடிய வகை என இரண்டு உண்டு. திறந்த வகையில் டயோடுக்கும் கண்ணாடிக்கும் இடையே வெற்றுவெளி. எடை குறைவு, ஆனால் ஒரு மழைத்துளியோ பனித்துகளோ டயோடை மூடினால் புள்ளி மறைந்துவிடும். மூடிய வகையில் இரண்டும் ஒரு குழாய்க்குள் அடங்கியிருக்கும். உள்ளே ஈரம் படியாதிருக்க நைட்ரஜன் நிரப்புவர். ஈரம் மிகுந்த காடுகளுக்கு மூடிய வகையே தக்கது என்பதில் நமக்கு ஐயமில்லை.

மின்கலம் பற்றிப் பழைய அச்சம் இன்று வேண்டுவதில்லை. தொடக்கக் காலக் கருவிகளில் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். இக்காலச் சிறுகருவிகள் சில, பொத்தான் போன்ற ஒரே மின்கலத்தில் ஐம்பதாயிரம் மணி நேரம், அதாவது ஐந்தாண்டுகளுக்கு மேல், இடைவிடாது எரியவல்லன. எனினும் பனியிலும் கடுங்குளிரிலும் மின்கலம் சோரும் என்பதால் மாற்று ஒன்றைப் பையில் வைத்திருப்பது நன்று.

விளம்பரச் சொற்களை அளந்து ஏற்றல் வேண்டும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. லேசரும் ஹோலோகிராமும் கொண்டு இதனையொத்த பயனைத் தரும் நோக்கிகளை ஈஓடெக் என்னும் அமெரிக்க நிறுவனம் படைகளுக்கு விற்றது. கடுங்குளிரிலிருந்து கடும் வெப்பம் வரை, பாரன்ஹீட்டில் சுழிக்குக் கீழ் 40 முதல் மேல் 140 வரை, குறி மாறாது என்பது அதன் உறுதிமொழி. உண்மையில் வெப்பநிலை மாறக் குறியும் நகர்ந்தது என்றும், அதனை அறிந்தும் மறைத்தனர் என்றும் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 2015 நவம்பரில் இரண்டு கோடியே ஐம்பத்தாறு இலட்சம் டாலர் தர அந்நிறுவனத்தார் இசைந்தனர். போர்முனையில் நிற்பவனுக்கு அந்தச் சிறு நகர்வு உயிரின் விலை. 'இடமாறு தோற்றப் பிழை அறவே இல்லை' என்று எழுதியிருப்பதையும் இவ்வாறே கொள்க. எந்தக் கருவியிலும் அப்பிழை சிறிதளவு உண்டு. நன்கு அமைந்த கருவியில் அது முகப்புக் கண்ணாடியின் ஆரத்தைத் தாண்டுவதில்லை. கண்ணை நடுவில் வைத்துப் பழகினால் அதுவும் குறையும்.

பொருத்துதல்

எவ்வேலைக்கும் முன்னர் தோட்டாக்களை நீக்கி, போல்ட்டைக் கழற்றி, குழலும் அறையும் வெறுமையாயிருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்க. தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்தல் நல்ல வழக்கம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்றவரன்றிப் பிறர் இதில் கைவைத்தலாகாது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

துப்பாக்கியின் மேற்புறத்தில் நோக்கியைத் தாங்கத் தண்டவாளம் போன்ற அடித்தளம் ஒன்று வேண்டும். முன்னர் ஒவ்வொருவரும் ஒவ்வோர் அளவில் செய்தமையால் ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றில் பொருந்தாத இடர் இருந்தது. 1995இல் அமெரிக்கப் படைத்துறை ஓர் அளவை வகுத்தது. நியூஜெர்சியின் பிக்காட்டின்னி படைக்கலச் சாலையின் பெயரால் அது வழங்குகின்றது. குறுக்குப் பள்ளங்கள் ஏறத்தாழ பத்து மில்லிமீட்டருக்கு ஒன்றாக, 5.23 மில்லிமீட்டர் அகலத்தில் அமைந்திருக்கும். பழைய வீவர் வகைத் தளமும் இதனை ஒத்ததே. ஆயினும் பள்ளத்தின் அகலம் குறைவு. ஆகவே வீவருக்குச் செய்தது பிக்காட்டின்னியில் ஏறும். இதற்குச் செய்தது அதில் ஏறாமற் போகலாம்.

திருகாணிகளையும் துளைகளையும் எண்ணெய்ப் பசை நீங்கத் துடைத்தல் வேண்டும். எண்ணெய் படிந்த மரை இறுகியது போலத் தோன்றிப் பின் நெகிழும். தளத்தில் நோக்கியை வைத்து, இறுக்குமுன் அதனைக் குழல்வாய்ப் பக்கம் முன்னோக்கித் தள்ளிப் பிடித்துக் கொள்க. இதன் காரணத்தைப் பலர் கேட்பதில்லை. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கின்றது. நோக்கியோ தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கின்றது. துப்பாக்கியைப் பொறுத்தவரை அது முன்னோக்கி நகர்வதற்கு ஒப்பாகும். முதலிலேயே முன் தள்ளிப் பள்ளத்தின் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டால் மேலும் நகர இடமிராது. இதைச் செய்யாதவரின் துப்பாக்கி முதல் சில குண்டுகளில் ஓரிடத்திலும் பின்னர் வேறோரிடத்திலும் சுடும். அவர் தம் கையையே நொந்து கொள்வார்.

இறுக்கத்தில் இருபுறப் பிழையும் உண்டு. குறைந்தால் கழலும், மிகுந்தால் மரை அறுந்துபோம். முறுக்குவிசையை அளந்து திருகும் கருவிகொண்டு, செய்தவர் குறித்த அளவே இறுக்குக. கழலாமற் காக்கும் நீல நிறப் பசையைத் துளியளவு இட்டால் போதும். இறுக்கியபின் திருகாணித் தலைக்கும் தளத்திற்கும் குறுக்கே மெல்லிய வண்ணக்கோடு ஒன்று இழுத்து வைப்பர் அனுபவசாலிகள். கோடு முறிந்து தெரிந்தால் ஆணி சுழன்றுவிட்டது எனப் பொருள். காலணாச் செலவில்லாத உத்தி!

உயரம் மற்றொரு செய்தி. கன்னம் துப்பாக்கிக் கட்டையில் இயல்பாகப் படிந்த நிலையில், கண் திறந்தவுடன் புள்ளி தெரிதல் வேண்டும். கழுத்தை நீட்டித் தேட நேர்ந்தால் உயரம் பிழை. இரு கண்களையும் திறந்தே பார்ப்பது இக்கருவியின் தனிச்சிறப்பு. ஒரு கண்ணை மூடும் பழைய பழக்கத்தை விட்டொழிக்கச் சிலருக்குத் திங்கள் பல ஆகும். நோக்கி குழலின் நடுக்கோட்டிற்கு மேலே இருப்பதால், மிக அருகில் குண்டு புள்ளிக்குக் கீழே படும் என்பதையும் அறிக. நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் நோக்கியை வைத்து ஐம்பது மீட்டருக்குக் குறியமைத்தால், ஐந்து மீட்டரில் குண்டு ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்து படும்.

இறுதியாகக் குறியமைத்தல். போல்ட் கழற்றிய துப்பாக்கியை மணல்மூட்டைமேல் அசையாது வைத்து, குழலின் வழியே இருபத்தைந்து மீட்டரில் உள்ள இலக்கின் நடுவைக் காண்க. துப்பாக்கி அசையாமலே, புள்ளி அதே நடுவில் வரும்வரை திருப்பிகளைத் திருப்புக. பிறகு போல்ட்டைப் பொருத்தி, பாதுகாப்பான திடலில் மூன்று குண்டுகள் சுடுக. ஒன்றைக் கண்டு திருத்துவது அவசரக்காரர் வழி. மூன்றின் நடுவைக் காண்பதே முறை. ஒரு சொடுக்கு அரைக் கலை எனில், ஐம்பது மீட்டரில் அது ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர். குண்டுகள் ஆறு சென்டிமீட்டர் தாழ்ந்தும் மூன்று சென்டிமீட்டர் வலம் ஒதுங்கியும் பட்டிருந்தால், மேல்நோக்கி எட்டுச் சொடுக்கும் இடம்நோக்கி நான்கு சொடுக்கும் வேண்டும். திருப்பியின்மேல் உள்ள அம்புக்குறி குண்டு செல்ல வேண்டிய திசையைக் காட்டுவதா, புள்ளி செல்ல வேண்டிய திசையைக் காட்டுவதா என்று கையேட்டைப் பார்த்தே தொடங்குக. இவ்விடத்தில் தடுமாறிப் பெட்டி பெட்டியாய்த் தோட்டா செலவிட்டோர் உளர்.

மீண்டும் மூன்று குண்டுகள், மீண்டும் திருத்தம். நடுவிடம் கைவந்தபின் இருபது குண்டுகளேனும் சுட்டு, திருகாணிகளின் வண்ணக்கோடுகளை ஒருமுறை பார்க்க. தோட்டாவின் வகையை மாற்றினால் இவ்வேலை முழுவதையும் மறுபடி செய்தல் வேண்டும். எடை வேறான குண்டு வேறிடத்தில் படும். சுவீடனில் எண்பது மீட்டர்த் தொலைவில் மூஸ் மானின் உருவப்பலகையை நிறுத்தியும் ஓடவிட்டும் சுட்டுப் பழகுவர். பருவம் தொடங்குமுன் தம் துப்பாக்கியை அங்கே எடுத்துச் சென்று, சென்ற ஆண்டு நின்ற இடத்திலேயே புள்ளி இன்னும் நிற்கின்றதா என்று பார்த்துவிட்டே காட்டிற்குச் செல்வர்.